கஞ்சாவின் ஏற்பியைக் காட்டும் ஆன்டிபாடி: எப்போது நம்பலாம்?

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏறும் இந்த மூன்று மலைப்பாதைகளிலும் கஞ்சா என்றால் அது சோதனைச்சாவடிச் செய்திதான். எத்தனை கிலோ, எந்த வண்டி, யார் சிக்கினார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்கிற சட்டக் கணக்குகூட இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். உள்ளே போன அந்தப் பொருள் உடம்பில் எதைப் பிடிக்கிறது, அந்த இடத்தை விஞ்ஞானிகள் எப்படிக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வண்டிப்பெரியாறு, பீர்மேடு தோட்டங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன எங்கள் பிள்ளைகள் சிலர் இன்று மதுரையிலும் கோட்டயத்திலும் திருவனந்தபுரத்திலும் உயிரியல் ஆய்வகங்களில் வேலை செய்கிறார்கள். அங்கே அவர்கள் கையில் கொடுக்கப்படும் விலை உயர்ந்த பொருட்களில் ஒன்று ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப்போய் ஒட்டும் புரதம். விரல்நுனி அளவு குப்பி, அடியில் நூறு மைக்ரோலிட்டர் திரவம், விலையோ பல ஆயிரம் ரூபாய். கஞ்சாவில் உள்ள கன்னாபினாய்டு வகைப் பொருட்கள் போய் ஒட்டும் செல் புரதத்தை, அதாவது கன்னாபினாய்டு ஏற்பியை, திசுவில் தேடித்தரும் ஆன்டிபாடியும் அப்படிப்பட்ட ஒரு குப்பிதான். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, "மூளையில் இந்த ஏற்பி கண்டுபிடிப்பு" என்று செய்தி வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி என்ற மூலக்கூறை 1964இல் இஸ்ரேலில் கவோனியும் மெச்சூலமும் பிரித்தெடுத்து, அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது எண்ணெயில் கரையும் பொருள். அதனால் செல்களின் கொழுப்புச் சவ்வில் பொதுவாகக் கரைந்துதான் மயக்குகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். 1988இல் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டெவேனும் எலியின் மூளைச் சவ்வில் டிஎச்சி வகைப் பொருட்கள் குறிப்பாகப் போய் ஒட்டும் இடம் ஒன்று இருப்பதை அளந்து காட்டினார்கள். 1990இல் லிசா மட்சுடாவின் குழு அந்த ஏற்பியின் மரபணுவையே பிரித்தெடுத்தது. அதுதான் சிபி1. 1993இல் ஷான் மன்ரோவின் குழு ரத்தப் புற்றுநோய் செல்களிலிருந்து இரண்டாவது ஏற்பியை எடுத்தது. அது சிபி2. மனித சிபி1இல் 472 அமினோ அமிலங்கள், சிபி2இல் 360. இரண்டும் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்து நிற்கும் புரதங்கள். இவை கஞ்சாவுக்காக உருவானவை கிடையாது. நம் உடம்பே ஆனந்தமைடு, 2-ஏஜி என்ற பொருட்களைச் சுரந்து இவற்றை இயக்குகிறது. ஆனந்தமைடு 1992இலும் 2-ஏஜி 1995இலும் வெளிவந்தன.

ஏற்பி உடம்பில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு முதல் பதில் ஆன்டிபாடியிலிருந்து வரவில்லை. 1990இல் மைல்ஸ் ஹெர்கென்ஹாம் குழுவினர் கதிரியக்கம் ஏற்றிய செயற்கைக் கன்னாபினாய்டை மூளைச் சீவல்கள் மேல் ஊற்றி, அது ஒட்டிய இடங்களைப் படச்சுருளில் பதித்தார்கள். சிறுமூளை, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ், அசைவைக் கட்டுப்படுத்தும் அடித்தள முடிச்சுகள் ஆகியவை கறுத்துத் தெரிந்தன. மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்துகிற கீழ் மூளைத்தண்டுப் பகுதிகள் வெளிறிக் கிடந்தன. அபின் வகைப் போதை மூச்சை நிறுத்திக் கொல்வதுபோல் கஞ்சா ஏன் கொல்வதில்லை என்பதற்கு அந்த வெளிறல் ஒரு விளக்கம் தந்தது. (வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அதனால் கேடில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.) ஆனால் அந்தப் படத்தில் வட்டாரம்தான் தெரிந்தது. எந்த நரம்பு செல், அந்தச் செல்லின் எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்குத்தான் ஆன்டிபாடி தேவைப்பட்டது.

அதைச் செய்யும் முறை கேட்க எளிது. ஏற்பி முழுவதையும் எடுத்து ஊசியாகப் போடுவது கடினம், சவ்விலிருந்து பிரித்தால் அதன் வடிவமே குலைந்துவிடும். எனவே அதில் ஒரு சிறு துண்டைச் செயற்கையாகச் செய்து, பெரிய தாங்கு புரதம் ஒன்றில் கட்டி, முயலுக்கோ ஆட்டுக்கோ கினிப்பன்றிக்கோ ஊசி போடுவார்கள். சில வாரங்களில் அந்த விலங்கின் ரத்தத்தில் அந்தத் துண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் உருவாகும். எந்தத் துண்டு என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. சிபி1இன் தலைப்பகுதி செல்லுக்கு வெளியே நீளமாகத் தொங்குகிறது. அதில் சர்க்கரைக் கிளைகள் முளைத்திருக்கும், அவை ஆன்டிபாடியை நெருங்கவிடாமல் செய்யலாம். வால் பகுதி செல்லுக்குள் இருக்கிறது. வால் நுனியின் 15 அமினோ அமிலங்களை மட்டும் வைத்துச் செய்த ஆன்டிபாடி ஒன்று நரம்பியல் ஆய்வகங்களில் நல்ல பெயர் எடுத்தது.

நன்றாக வேலை செய்யும் சிபி1 ஆன்டிபாடி எப்படி இருக்கும் என்று பார்க்க எலியின் சிறுமூளையைவிடச் சிறந்த இடம் இல்லை. பார்மால்டிஹைடு வகைத் திரவத்தில் பதப்படுத்திய மூளையை, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனில் சீவுகிறார்கள். சீவல் கண்ணாடிக் கிண்ணத்தில் வெங்காயத் தோலின் மெல்லிசில் மிதக்கும். தேவையில்லாத ஒட்டலைத் தடுக்க முதலில் ஆட்டுச் சீரத்தில் ஊறவைத்து, பிறகு ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த ஆன்டிபாடியில் நான்கு டிகிரி குளிரில் ஒரு இரவு விடுகிறார்கள். மறுநாள் கழுவி, முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி, அதில் கட்டிய நொதி, கடைசியாக டிஏபி என்ற வேதிப்பொருள். டிஏபி பட்டதும் ஏற்பி இருக்கும் இடம் நிமிடக்கணக்கில் பழுப்பாகும். அதிகம் விட்டால் எல்லாமே பழுப்பாகிவிடும், அதனால் நுண்ணோக்கியில் கண் வைத்தபடியே நிறுத்த வேண்டும்.

அந்தச் சீவலில் வெளி அடுக்கு முழுவதும் மண்டிய பழுப்பு. அதற்குக் கீழே வரிசையாக நிற்கும் பெரிய பர்கின்ஜி செல்களின் உடல்கள் மட்டும் வெள்ளையாக, ஓட்டை விட்டதாக இருக்கும். ஒவ்வொரு பர்கின்ஜி செல்லின் அடியிலும், அதன் நரம்பிழை புறப்படும் முனையில், கருத்த குஞ்சம் ஒன்று தொங்கும். அது பக்கத்துக் கூடை செல்களின் இழை முனைகள் வந்து முடியும் இடம். வெள்ளை உடல், கீழே கருங்குஞ்சம் என்ற இந்த வடிவம் தெரிந்தால் ஆன்டிபாடி சரியான இடத்தில் ஒட்டுகிறது என்று ஓரளவு மனசு நிம்மதியாகும். பர்கின்ஜி செல்லின் உடலே பழுப்பாகிவிட்டால் அந்தக் குப்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த ஆன்டிபாடிகள் அறிவியலுக்குத் தந்தது கொஞ்சமில்லை. 1999இல் புடாபெஸ்டில் இஸ்த்வான் கட்டோனா, தமாஸ் ஃப்ராயின்ட் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஹிப்போகாம்பஸைப் பார்த்து, சிபி1 சேதி வாங்கும் செல்லில் இல்லை, சேதி அனுப்பும் நரம்பு முனையில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். 2001இல் பல குழுக்கள் தனித்தனியாக வந்து சேர்ந்த முடிவு அதோடு பொருந்தியது: வாங்கும் செல் கன்னாபினாய்டைச் சுரந்து பின்னோக்கி அனுப்புகிறது, அது அனுப்பும் முனையின் சிபி1ஐத் தொட்டு, "போதும், குறைத்துக்கொள்" என்கிறது. மூளையில் சேதி ஒரு திசையில்தான் ஓடும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இது பெரிய திருப்பம். ஏற்பி இருக்கும் இடத்தை ஆன்டிபாடி சரியாகக் காட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கதை பொருந்தியே வந்திருக்காது.

நடுவே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், எங்கள் ஊரில் இந்தக் குழப்பம் உண்மையாகவே இருக்கிறது. தோட்ட லயத்திலிருந்து ஒரு அம்மா வந்து கேட்டார்: "டீச்சர், யூட்யூப்ல சொல்றாங்க, கஞ்சாவுக்குன்னு உடம்புல ரிசப்டர் இருக்காமே. அத டெஸ்ட் பண்ணிப் பாத்தா எம் பையன் அத அடிக்கிறானா இல்லையான்னு தெரிஞ்சிரும்ல?" தெரியாதும்மா என்றேன். அந்த ஏற்பி என் உடம்பிலும் இருக்கிறது, உங்கள் உடம்பிலும் இருக்கிறது, பிறந்த குழந்தைக்கும் இருக்கிறது. அது இருப்பதை வைத்து யார்மேலும் பழி போட முடியாது. மருத்துவமனையில் சிறுநீரில் நனைக்கிற பட்டையிலும் ஆன்டிபாடிதான் வேலை செய்கிறது, ஆனால் அது பிடிப்பது டிஎச்சியை உடம்பு உடைத்து வெளியேற்றும் கழிவுப் பொருளை. இதற்கு மேல் இருந்தால்தான் 'இருக்கிறது' என்று கணக்கு எடுக்கும் எல்லை அளவு, பரவலாக, ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். பட்டையில் தெரிந்தாலும் இன்னொரு முறையில் உறுதி செய்யாமல் முடிவு சொல்லக்கூடாது. அந்த அம்மாவிடம் மகனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் முதலில் பேசச் சொன்னேன், பட்டையோடு ஆரம்பிக்க வேண்டாம் என்றேன்.

இனி சிக்கலுக்கு வருவோம். சோதனைச்சாவடியில் மோப்ப நாய் ஒரு மூட்டையைப் பார்த்துக் குரைக்கிறது. அதை வைத்து மூட்டையில் கஞ்சா இருக்கிறது என்று நம்புவதற்கு முன், கஞ்சா இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த மூட்டை முன்னால் அதே நாய் சும்மா இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஏலக்காய் மூட்டைக்கும் குரைக்கிற நாயின் குரைப்புக்கு எந்தச் சாட்சி மதிப்பும் இல்லை. ஆன்டிபாடிக்கு அந்தக் காலி மூட்டை, ஏற்பியின் மரபணுவை நீக்கி வளர்த்த எலி. சிபி1 இல்லாத எலிகள் 1999இல் வந்தன, சிபி2 இல்லாதவை 2000இல். சாதாரண எலியின் மூளையும் மரபணு நீக்கிய எலியின் மூளையும் ஒரே கிண்ணத்தில், ஒரே ஆன்டிபாடியில், ஒரே நேரம் ஊறவேண்டும். முதலாவது பழுப்பாகி இரண்டாவது வெளிறினால் ஆன்டிபாடி நல்லது. இரண்டும் பழுப்பாகினால் அது வேறு எதையோ பிடிக்கிறது.

இந்த ஏற்பிக் குடும்பத்தில் இந்தச் சோதனை ஏன் இவ்வளவு அவசியம் என்றால், இவற்றில் பெரும்பகுதி சவ்வுக்குள் புதைந்திருக்கிறது. ஆன்டிபாடி பிடிக்க வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சில துண்டுகள்தான். பல செல்களில் ஏற்பியின் அளவும் மிகக் குறைவு. ஒரு செல்லில் இலக்கு அரிதாக இருந்து, அதைப் போன்ற துண்டு உள்ள வேறொரு புரதம் நிறைய இருந்தால், லேசான தவறான ஒட்டல்கூட உண்மையான ஒட்டலை மறைத்துவிடும். 2008இல் நியூசிலாந்தின் நடாஷா கிரிம்சி குழு விற்பனையில் இருந்த பல சிபி1 ஆன்டிபாடிகளை ஒன்றாக நிறுத்திச் சோதித்தது. ஏற்பி இருக்கிற செல்லையும் இல்லாத செல்லையும் பிரித்துக் காட்டத் தவறியவை அவற்றில் இருந்தன. 2013இல் யூரி மொரோசோவ் குழு இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னது: சிபி1 வாலைப் பிடிக்கச் செய்த ஆன்டிபாடி எலி மூளையின் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதி) ஸ்டோமாட்டின் வகைப் புரதம் ஒன்றையும் பிடிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மைட்டோகாண்ட்ரியாவிலேயே சிபி1 இருப்பதாக வேறொரு குழு சொல்லியிருந்தது. அந்தக் குழு மரபணு நீக்கிய எலிகளை வைத்துத் தன் முடிவை மறுபடியும் நிறுவியது. விவாதம் கசப்பாக இருந்தாலும் பயனுள்ளது. இன்று மைட்டோகாண்ட்ரியாவில் சிபி1 என்று யார் எழுதினாலும், வெறும் படத்தை மட்டும் காட்டித் தப்ப முடியாது.

ஆன்டிபாடி இல்லாததைக் காட்டும், இருப்பதை விட்டும்விடும். கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் நரம்பு முனைகளில் சிபி1 இருக்கிறதா என்பது பல ஆண்டுகள் சந்தேகமாகவே இருந்தது. மின்பதிவுகள் இருக்கிறது என்றன, அப்போதைய ஆன்டிபாடிகளில் தெரியவில்லை. 2006இல் கூர்மையான ஆன்டிபாடிகள் வந்த பிறகுதான், குறைந்த அளவில் அங்கேயும் இருப்பது தெரிந்தது. "தெரியவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதுவதும் அதே அளவு தவறு.

சிபி2வின் கதைதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. மண்ணீரல், டான்சில், வெள்ளை அணுக்கள் ஆகியவற்றில் அது இருப்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆரோக்கியமான மூளையின் நரம்பு செல்களில் இருக்கிறதா என்பதில்தான் சண்டை. 2005இல் மூளைத்தண்டிலும் 2006இல் மூளை முழுவதிலும் சிபி2 இருப்பதாகக் கட்டுரைகள் வந்தன. அடுத்தடுத்து பல ஆய்வகங்கள் சந்தையில் கிடைத்த சிபி2 ஆன்டிபாடிகளைக் கொண்டு அழகழகான படங்கள் வெளியிட்டன. பிறகு வந்த சோதனைகள் பல ஆன்டிபாடிகள் மரபணு நீக்கிய எலித் திசுவிலும் அதே மாதிரி ஒட்டுகின்றன என்று காட்டின.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை ஆராய்ச்சி மாணவர்கள்கூடத் தவறவிடுகிறார்கள். 2000இல் உருவாக்கிய சிபி2 நீக்கிய எலியில் மரபணு முழுவதும் போகவில்லை. வால் பக்கத்துப் பகுதிதான் வெட்டப்பட்டது. ஏற்பி வேலை செய்யாது, ஆனால் தலைப்பகுதியைக் கொண்ட குறைப்புரதம் ஒன்று உருவாக வாய்ப்பு இருக்கிறது. தலையைப் பிடிக்கும் ஆன்டிபாடி அந்த எலியில் ஒட்டினால், ஆன்டிபாடி பொய் சொல்கிறதா, குறைப்புரதத்தைப் பிடிக்கிறதா என்று பிரிக்க முடியாது. வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத்தான் அந்த எலியில் சோதிக்க வேண்டும். காலி மூட்டை உண்மையிலேயே காலிதானா என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

கட்டுரைகளில் அடிக்கடி வரும் இன்னொரு சான்று, எந்தத் துண்டை வைத்து ஆன்டிபாடி செய்தார்களோ அந்தத் துண்டையே அதோடு கலந்து விடுவது. பிறகு நிறம் வராமல் போனால் ஆன்டிபாடி குறிப்பானது என்று எழுதிவிடுகிறார்கள். இதை நான் சான்றாக ஏற்கமாட்டேன். கலந்த துண்டு ஆன்டிபாடியின் பிடியை நிரப்பிவிடுகிறது. அது சரியான புரதத்தில் ஒட்டியிருந்தாலும் தவறான புரதத்தில் ஒட்டியிருந்தாலும் நிறம் போகத்தான் செய்யும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஒரே ஒரு பட்டை தெரிந்தால் அது கொஞ்சம் மேல், ஆனால் பட்டை இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சிபி1இன் கணக்கு எடை சுமார் 53 கிலோடால்டன் (புரதங்களின் எடையை அளக்கும் அலகு), சர்க்கரைக் கிளைகளோடு 60ஐத் தாண்டும். அதைவிட ரொம்பக் கீழே ஒரு கெட்டியான பட்டையை மட்டும் காட்டி இதுதான் சிபி1 என்றால், ஏன் என்று கேட்கும் உரிமை படிப்பவருக்கு உண்டு.

முயலிலிருந்து வரும் ஆன்டிபாடிக்கு இன்னொரு பலவீனம். அது பலவகை ஆன்டிபாடிகளின் கலவை, அந்த முயலோடு முடிந்துவிடும். அடுத்த முயலின் ரத்தம் வேறு கலவை. அதனால் ஒரே கம்பெனி, ஒரே எண் என்றாலும் தொகுப்பு எண் மாறினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்த முறையில் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து உற்பத்தி செய்யலாம், 1984இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒரே வகையாக இருப்பதும் சரியான இலக்கைப் பிடிப்பதும் வேறு வேறு. தவறான இடத்தில் மாறாமல் ஒட்டும் ஆன்டிபாடியும் இருக்க முடியும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். மலையில் மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சிறிய கல்லூரி ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருக்கும் குப்பி உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகும். ஒவ்வொரு முறையும் ஆன்டிபாடியின் ஒரு பங்கு கெட்டு ஒன்றோடொன்று திரளும், பின்புல நிறம் கூடும். அந்தப் பின்புலத்தைப் பார்த்து ஏற்பி என்று எழுதிவிடும் ஆபத்து அங்கேதான் அதிகம். குப்பி வந்த அன்றே ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைத்துவிட்டால் பாதிக் கவலை குறையும். மரபணு நீக்கிய எலிகளை வளர்க்கப் பணமில்லை என்பதும் உண்மை. ஆனால் எலி வேண்டாம், பதப்படுத்திய சீவல்கள் போதும். அந்த எலிகளை வைத்திருக்கும் பெரிய ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டால் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் அனுப்புவார். அதுவும் முடியாவிட்டால், ஏற்பியின் மரபணுவைப் புகுத்திய செல்லையும் புகுத்தாத செல்லையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கலாம். அதோடு, ஏற்பியின் ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) எந்த செல்லில் இருக்கிறது என்று தனியாகப் பார்த்து ஒப்பிடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: சிபி1இல் ஆர்என்ஏ செல்லின் உடலில் இருக்கும், புரதமோ தூரத்து நரம்பு முனைக்குப் போய்விடும். இரண்டும் ஒரே இடத்தில் இல்லை என்று பதறக்கூடாது, அந்தச் செல்லின் இழை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

மனிதத் திசு என்று வரும்போது காலி மூட்டையே கிடையாது. மரபணு நீக்கிய மனிதர் இல்லை. இறந்து எத்தனை மணி நேரம் கழித்துத் திசு எடுத்தார்கள், பார்மலினில் எத்தனை நாள் கிடந்தது, மெழுகில் பதித்த பின் ஏற்பியின் துண்டு மறைந்துபோனதா என்று எல்லாமே நிறத்தை மாற்றும். அதனால் உயிரோடு இருப்பவரிடம் இந்த ஏற்பியை அளக்க ஆன்டிபாடியை விட்டுவிட்டு, கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறை உடலில் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேனுக்குப் போகிறார்கள். நீண்ட நாள் தினமும் கஞ்சா புகைத்தவர்களின் மூளைப் புறணியில் சிபி1 குறைந்திருப்பதும், நான்கு வாரம் அளவில் நிறுத்தியபின் பெரும்பாலான இடங்களில் அது திரும்பி வருவதும் 2012இல் அந்த முறையில்தான் தெரிந்தது. மகனைப் பற்றி விசாரிக்க வந்த அம்மாவுக்கு நான் சொன்னவற்றில் இதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

நரம்பு செல்லில் சிபி2 இருக்கிறதா என்ற சண்டையும் ஆன்டிபாடிப் படங்களால் முன்னேறவில்லை. 2016இல் பெர்லினிலிருந்து வந்த ஆய்வு, ஹிப்போகாம்பஸ் செல்களின் மின் நடத்தையைச் சிபி2 மாற்றுவதை அளந்து, சிபி2 நீக்கிய எலியில் அந்த மாற்றம் இல்லை என்று காட்டியது. படத்தைவிட அது வலுவான சான்று. இன்று சிபி1க்கு, சிறுமூளையில் வெள்ளை பர்கின்ஜியும் கருங்குஞ்சமும் காட்டி, மரபணு நீக்கிய சீவலில் வெளிறிப்போகும் வால்பகுதி ஆன்டிபாடி என்றால் நான் நம்புவேன். சிபி2க்கு மண்ணீரலில் நன்றாக வேலை செய்தது என்பது போதாது. அதே தொகுப்பு எண், அதே திசு, சரியான மரபணு நீக்கிய எலி, இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டாத மூளைப் படத்தை, எந்தப் பெரிய இதழில் வந்திருந்தாலும், இன்னும் தீராத கேள்வியாகவே எடுத்துக்கொள்வேன்.